அசெம்பிள் செய்த கணினி ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் முதல் நாளே முரண்டு பிடித்தால், 'மதர்போர்டு போயிடுச்சு' என்று கடைக்கு ஓடுவார்கள். இல்லையென்றால் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். இரண்டையும் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். புதுப் பாகம் செத்துப்போய் வருவது குறைவு. சரியாக அழுந்தாத ரேம், விட்டுப்போன ஒரு கேபிள், பயாஸில் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) ஒரு அமைப்பு: பெரும்பாலான தகராறுகள் இவற்றில்தான்.

முதலில் கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உயிரே வரவில்லையா? உயிர் வந்தும் திரை இருட்டா? பயாஸ் வரை வந்து இயங்குதளம் ஏறவில்லையா? ஏறிய பிறகு தகராறா? ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு முந்தையவற்றைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. திரையில் பயாஸ் தெரிகிறதென்றால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), ப்ராசசர், ரேம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. அதற்கப்புறமும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் கணினி ஓடிவிட்டாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. எந்தப் பாகத்தைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். வட்டம் போட்ட பக்கம் என்றால் அணைந்திருக்கிறது. சிரிக்க வேண்டாம், இது நிறையப் பேருக்கு நடக்கிறது. அடுத்து மதர்போர்டின் 24 பின் கேபிள். பக்கவாட்டுக் கொக்கி 'டக்'கென்று மாட்டும் வரை அழுத்த வேண்டும். புது போர்டில் இது நாம் நினைப்பதைவிடக் கெட்டியாக இருக்கும்.

இரண்டும் சரியென்றால் கேபினெட்டின் பவர் பட்டன் வயரைச் சந்தேகிக்கலாம். போர்டின் கீழ் விளிம்பில் ஒன்பது பின் கொண்ட ஃப்ரண்ட் பேனல் இணைப்பு இருக்கும். வழக்கமான அமைப்பில் 6ஆம் 8ஆம் பின்கள்தான் பவர் சுவிட்ச். உங்கள் போர்டின் கையேட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள். கேபினெட் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் திருப்புளி நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி கிளம்பினால் போர்டு நலம், கோளாறு பட்டனில் அல்லது அதன் வயரில். பவர் சுவிட்ச் வயரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். எல்இடி வயர்களுக்குத்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

'எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றவில்லை, அதனால் அது செத்துவிட்டது' என்பது தப்புக் கணக்கு. சூடு ஏறும்வரை விசிறியை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் இன்று ஏராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை அச்சாகப் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் கருகிவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையேகூட இது மாறும்.

ஒரு நொடி உயிர் வந்து அணைகிறது

விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மாட்டும்வரை மறுபடி வரவே மாட்டேன் என்றால், எங்கோ ஷார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. போர்டுக்கு அடியில் கேபினெட்டில் பொருத்தும் பித்தளை ஸ்டேண்டாஃப்களை, அதாவது போர்டைத் தாங்கும் குட்டைத் தூண்களைப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டேண்டாஃப் மிச்சமாக நின்றால் அது போர்டின் பின்புறச் சாலிடரைத் தொடும். கீழே விழுந்து தேடாமல் விட்ட திருகும் இதையே செய்யும்.

உறுதிப்படுத்த, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். போர்டு சுற்றிவந்த பளபளப்புப் பையின் மேல் வேண்டாம், அது மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், ப்ராசசருக்கான 8 பின்: இவ்வளவுதான். இப்படி ஓடினால் குற்றவாளி கேபினெட்டுக்குள் இருக்கிறது.

கணினி தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்து பிறகு நிலைக்கிறது என்றால் அது கோளாறே இல்லை. போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது.

விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை இருட்டு

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான்.

முதலில் பொறுமை. டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகள், குறிப்பாக ரைசன் 7000 முதலான ப்ராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகள், முதல்முறை எரியும்போது ரேமின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாங்களே பரிசோதித்து முடிவு செய்யும். அதுவரை திரையில் ஒரு புள்ளிகூட வராது. சில நிமிடங்கள் சாதாரணம். பெரிய ரேம் என்றால் இன்னும் நீளும். பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பாதியில் அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். நாலு தடவை பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு 'டிஸ்ப்ளே வரல' என்பவர்களில் பலர் இந்த வலையில் விழுந்தவர்கள்.

அடுத்து மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டின் பின்னால்தான் போக வேண்டும். பெயரின் முடிவில் 'எஃப்' உள்ள இன்டெல் ப்ராசசர்களில், உதாரணமாக ஐ5 12400எஃப், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600இலும் கிடையாது, 5600ஜியில் உண்டு. ரைசன் 7600இல் உண்டு, 7500எஃப்பில் இல்லை. இல்லாத கிராஃபிக்ஸுக்குப் போர்டின் எச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம்.

இவற்றுக்குப் பிறகும் இருட்டு என்றால், போர்டின் மேல் வலது ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் போட்டிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே வேலை.

டிராம் விளக்கு என்றால்: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடும்போது ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். ஒரு ரேம் மட்டும் போட்டுச் சோதிக்கும்போது இரண்டாவது ஸ்லாட். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத பக்கம் மேலே தூக்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். ரப்பரால் தேய்ப்பது தூசும் பாசியும் பிடித்த பழைய ரேமுக்கான வைத்தியம். பெட்டி பிரித்த புது ரேமுக்கு அது தேவையில்லை. இரண்டு ரேமையும் தனித்தனியாகச் சோதித்து ஒன்று மட்டும் தோற்றால் அந்த ரேம் மோசம். ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் எந்த ரேமும் தோற்றால் ஸ்லாட் மோசம், அல்லது ப்ராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கிறது. ரேமைக் கட்டுப்படுத்துவது ப்ராசசர் என்பதால் சாக்கெட் கோளாறு ரேம் கோளாறு வேஷத்தில் வரும். கூலரை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கினாலும் இதே கதை.

சிபியு விளக்கு என்றால் போர்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 பின் இணைப்பைப் பாருங்கள். இதற்கான கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை மற்றொன்றில் திணிக்கக் கூடாது. கேபிள் சரியென்றால் பயாஸ் பதிப்பு. கடையில் பல மாதம் கிடந்த பி650 போர்டில் ரைசன் 9000 வைத்தாலோ, எச்610, பி660 போர்டுகளில் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்தாலோ, பழைய பயாஸுக்கு அந்த ப்ராசசரைத் தெரியாது. பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிழைத்தீர்கள். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, கம்பெனி தளத்திலிருந்து உங்கள் போர்டுக்கான பயாஸ் கோப்பை இறக்கி, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வையுங்கள். அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு சில நிமிடம் சிமிட்டி நிற்கும். இடையில் மின்சாரம் போனால் போர்டு படுத்துவிடக்கூடும்; கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

விஜிஏ விளக்கு என்றால் கார்டு ப்ராசசருக்குப் பக்கத்து நீள ஸ்லாட்டில் முழுதாக அமர்ந்திருக்கிறதா, அதன் பவர் கேபிள்கள் எல்லாம் செருகியாயிற்றா என்று பாருங்கள். புது என்விடியா கார்டுகளின் 16 பின் இணைப்பில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. பாதி செருகிய இணைப்பு சூடாகி உருகிவிடும்.

பூட் விளக்கு என்றால் கவலை வேண்டாம். இயங்குதளம் இன்னும் ஏற்றவில்லை என்கிறது, அவ்வளவுதான்.

பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகுதான் திரை இருண்டது என்றால் சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) அழியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, அதற்கான இரண்டு பின்னைத் திருப்புளியால் பத்து நொடி சேர்த்துத் தொடலாம். அல்லது சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைக்கலாம். டிடிஆர்5 என்றால் அதன்பின் மறுபடி அந்தப் பதினைந்து நிமிடப் பொறுமை.

பயாஸில் எஸ்எஸ்டி தெரியவில்லை

போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வடிவ எஸ்எஸ்டியில் இரண்டு சாதி உண்டு. இணைப்பு விளிம்பில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ. இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் சாட்டா. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை பொருந்தும், ஆனால் தெரியாது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த எஸ்எஸ்டியில் இது அடிக்கடி நடக்கும். மறுபக்கம், எம்.2 போட்டதும் ஏற்கெனவே ஓடிய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால், அந்த எம்.2 ஸ்லாட் ஒரு சாட்டா துளையின் பாதையை எடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கை வேறு சாட்டா துளைக்கு மாற்றினால் தீர்ந்தது.

எந்த இயங்குதளம் என்பதை நிறுவும் முன்பே முடிவு செய்யுங்கள்

நிறுவிய பிறகு வரும் தகராறுகளில் பாதி, வன்பொருளுக்கும் வேலைக்கும் பொருந்தாத இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்ததால் வருபவை. டேலி பிரைம், ஃபோட்டோஷாப், வேலரண்ட் விளையாட்டு: இந்த மூன்றில் ஒன்று அன்றாடம் வேண்டுமென்றால் விண்டோஸ்தான். டேலிக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸில் ஓடாது. வீட்டில் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் இருந்தால் லினக்ஸில் அதன் டிரைவர் சண்டித்தனம் செய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரவுசர், லிப்ரே ஆஃபீஸ், நிரல் எழுதுவது, வீடியோ பார்ப்பது என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும், பல நேரம் மேல்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் வசதி (கையொப்பமிட்ட பூட் மென்பொருளை மட்டும் அனுமதிப்பது), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், தோராயமாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதலான ப்ராசசர். ஏழாம் தலைமுறை ஐ5 நல்ல நிலையில் இருந்தால் அதை ஆக்கர் கடைக்குப் போடாமல் எஸ்எஸ்டி ஒன்று மாட்டி லினக்ஸ் மின்ட் ஏற்றுவதே புத்திசாலித்தனம். தடையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

அசெம்பிள் செய்த கணினியில் மேக்ஓஎஸ் ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். இன்டெல் ப்ராசசருக்கான கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிளே 2025இல் அறிவித்துவிட்டது.

புத்தம்புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் லினக்ஸில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பைப் பார்க்க வேண்டும். லினக்ஸ் மின்ட் 22 வந்தபோது அதில் இருந்தது கர்னல் 6.8. 2025இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070ஐ அதற்குத் தெரியாது. படம் வரும், ஆனால் வேலை முழுவதும் ப்ராசசர் தலையில் விழுந்து ஜன்னலை நகர்த்தினாலே திணறும். ஃபெடோரா போல அடிக்கடி புதுப்பிக்கப்படும் வகையை எடுங்கள். எதுவானாலும் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, திரை மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

நிறுவல் பாதியில் நிற்கிறது

*பென்டிரைவ் கிளம்பவில்லை.* பூட் மெனுவைத் திறங்கள். போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12 என்று மாறும். ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியலாம். முன்னால் 'யுஇஎஃப்ஐ' என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை), யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) என்ற இணையை வையுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவுக்குள் நகலெடுத்தால் வேலைக்காகாது.

*'டிரைவ் எதுவும் இல்லை' என்கிறது விண்டோஸ்.* பயாஸில் எஸ்எஸ்டி தெரிந்து, நிறுவியில் மட்டும் தெரியாவிட்டால், 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற டிஸ்க் மேலாண்மை அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் இது அதிகம், சில டெஸ்க்டாப் போர்டுகளிலும் உண்டு. பயாஸில் அதை அணைத்தால் எஸ்எஸ்டி தெரியும். ஏற்கெனவே அதே கணினியில் விண்டோஸ் இருந்தால் கவனம்: விஎம்டியை மாற்றியதும் அந்தப் பழைய விண்டோஸ் நீலத்திரையில் விழும்.

*இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, எம்பிஆர் வகை என்கிறது.* எம்பிஆர் என்பது பழைய பார்ட்டிஷன் முறை. பழைய டிஸ்க்கை மறுபயன்பாட்டுக்கு எடுத்தால் இது வரும். தரவு வேண்டாம் என்றால் நிறுவியிலேயே எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கி, வெறும் காலியிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் மறுத்தால் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் மூலம் டிஸ்க்கைத் துடைக்க வேண்டும். டிஸ்க் எண்ணை இருமுறை பாருங்கள், துடைத்தால் துடைத்ததுதான்.

*டிபிஎம் இல்லை என்கிறது.* பெரும்பாலும் இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் பயாஸில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள்.

*இணையம் கேட்கிறது, வைஃபையே காட்டவில்லை.* புது போர்டுகளின் 2.5 ஜிகாபிட் லேன், வைஃபை சிப்புகளுக்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாமல் போகலாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும்.

*கோப்பு சிதைந்துள்ளது என்று 80070570 என முடியும் பிழை எண் வருகிறது.* இதற்கு எஸ்எஸ்டியைத் திட்டுவார்கள். வேறு பென்டிரைவில் புதிதாகத் தயாரித்துப் பாருங்கள். அப்புறமும் வந்தால் சந்தேகம் ரேம் மேல் திரும்ப வேண்டும். ரேமை அதன் அட்டையில் எழுதிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு நிறுவுங்கள். அப்போது ஏறிவிட்டால், ரேம் அட்டையில் எழுதிய வேகத்தை உங்கள் இணைப்பு தாங்கவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் கூடாது. நான்கு ரேம் போட்டவர்களுக்கு இது சகஜம்: ரைசன் 7000இல் இரண்டு ரேமுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600.

*பல டிஸ்க் இருக்கும் கணினி.* விண்டோஸ் நிறுவும்போது, அது ஏற வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்றவற்றைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒரு வருடம் கழித்து அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றும்போது 'விண்டோஸ் போச்சு' என்று தெரியவரும்.

*லினக்ஸ் பென்டிரைவ் கிளம்பி, கறுப்புத் திரையில் நிற்கிறது.* என்விடியா கார்டில் சகஜம். முதல் மெனுவில் உபுண்டுவுக்கு 'சேஃப் கிராஃபிக்ஸ்', மின்ட்டுக்கு 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். பிறகு டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் அப்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று பத்து நொடி மட்டும் வந்து காத்திருக்கும். அதில் 'என்ரோல் எம்ஓகே'யைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அந்தப் பத்து நொடியைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஏறாது. திரை மங்கலான பெரிய எழுத்திலேயே நிற்கும்.

டூயல் பூட் தகராறுகள்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைப்பதுதான் டூயல் பூட். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை நிம்மதி. முடிந்தால் இரண்டுக்கும் இரண்டு எஸ்எஸ்டி. தொடங்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) நிலையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11 24எச்2, கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கக்கூடும். செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் தரவு இல்லை. சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸ் அல்லது பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் மெனு காணவில்லை என்றால், லினக்ஸ் அழியவில்லை. பூட் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. பயாஸில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். உபுண்டு அடிப்படையிலான மின்ட்டும் இதே பெயரில்தான் பதிவாகும். 'மின்ட்' என்று தேடிக் கிடைக்காமல் பலர் மறுபடி நிறுவிவிடுகிறார்கள்.

'எஸ்பிஏடி' சரிபார்ப்பு தோற்றது என்று சொல்லிக் கணினி அணைந்தால், 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்கள்) தடைசெய்ததன் விளைவு அது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் ஏற்றிவிட்டு, மறுபடி இயக்குங்கள்.

விண்டோஸ் டிரைவை லினக்ஸில் திறந்தால் எழுத முடியவில்லை என்றால் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது ஷட்டவுன் என்ற பெயரில் பாதித் தூக்கத்துக்குப் போகிறது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குள் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி எழுதவைத்தால் கோப்புகள் சிதையும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறதா? பேட்டரி போகவில்லை. லினக்ஸ் போர்டின் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் உலகப் பொதுநேரத்தைவிட அதே ஐந்தரை மணி முன்னால் இருக்கின்றன. லினக்ஸ் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையை அடித்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஓடுகிறது, ஆனால்...

சூடு: புதுக் கணினி பயாஸிலேயே 80 டிகிரியைத் தாண்டினால் கூலரின் அடிப்பாகத்துப் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். இன்டெல்லின் பெட்டிக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் போர்டின் பின்புறம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று நழுவினாலே போதும், சூடு எகிறும். ஆனால் ரைசன் 7700எக்ஸ் முழு வேலையில் 95 டிகிரி தொட்டால் பதற வேண்டாம், அந்த எல்லை வரை போகவே அது வடிவமைக்கப்பட்டது.

விளையாட்டில் மட்டும் செயலிழப்பு: 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்து, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று சம்பந்தமில்லாமல் பிழை வந்தால், கார்டையோ விண்டோஸையோ குறை சொல்வதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள். மின்னழுத்தம் மிகுந்து ப்ராசசர் தேயும் கோளாறை ஒப்புக்கொண்ட இன்டெல், 2024இல் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த ப்ராசசரை அப்டேட் குணப்படுத்தாது. மாற்றித்தான் வாங்க வேண்டும்.

கரண்ட் போகும்போது யுபிஎஸ் இருந்தும் அணைகிறது: 600 விஏ என்று அட்டையில் இருந்தாலும் அதன் உண்மையான தாங்குசக்தி பெரும்பாலும் 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். திறன் போதுமானதாக இருந்தும் அணைந்தால், யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலை மின்சாரத்தை உங்கள் எஸ்எம்பிஎஸ் ஏற்கவில்லை. சுத்த சைன் அலை யுபிஎஸ் தேவை.

கேபினெட்டைத் தொட்டால் கை சுரீரென்கிறது: எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்சாரம், எர்த் இல்லாதபோது கேபினெட்டின் உலோகத்தில் பாதி மின்னழுத்தத்தை, கிட்டத்தட்ட 115 வோல்ட்டை, ஏற்றி நிறுத்தும். ஆளைக் கொல்லாது என்றாலும் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளைக் காலிசெய்யும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வைஃபை வருகிறது, புளூடூத் இல்லை: ஸ்லாட்டில் மாட்டும் வைஃபை கார்டுகளில் புளூடூத் தனியாக யுஎஸ்பி வழியே ஓடும். கார்டோடு வந்த சின்ன வயரைப் போர்டின் ஒன்பது பின் யுஎஸ்பி இணைப்பில் செருக மறந்திருப்பீர்கள். எம்.2 வைஃபை வாங்குகிறவர்கள் ஏஎம்டி போர்டுக்கு இன்டெல் ஏஎக்ஸ்211ஐ வாங்காதீர்கள். அது இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும். ஏஎக்ஸ்210 இரண்டிலும் ஓடும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இல் ஓடுகிறது: விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் மாற்றுங்கள். அந்த எண்ணே அங்கு இல்லாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறுங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது: லினக்ஸில் எழுத்துரு இல்லை, சாஃப்ட்வேர் மேனேஜரில் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் போட்டு தமிழ்99ஐச் சேர்க்கலாம். விண்டோஸ் 11இல் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. பழைய கோப்பு மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சிட்டது. எந்த இயங்குதளம் ஏற்றினாலும் அப்படித்தான் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவிப் படித்துக்கொள்ளலாம். தேடவும் திருத்தவும் வேண்டுமென்றால் யுனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, 'ண', 'ன' குழம்பியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டுச் சேமியுங்கள்.